மஞ்சளுக்கு அடியில் போன பெயர்

அக்காவின் கல்யாணப் பத்திரிகையை முடிவு செய்ய மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தவர்கள் அம்மா, அக்கா, தாய்மாமன், மாமன் பெண்டாட்டியான அத்தை, நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. அவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இன்னொருவர் அப்பாவின் அண்ணன். அவர் இரண்டு தெரு தள்ளி, கல்லுக்குண்டு மாதிரி நன்றாகத்தான் இருந்தார்.

"கோயில் கமிட்டி மீட்டிங் கீதும்மா, நீங்களே பாத்துக்குங்க. எம்பேர மட்டும் ஒய்ங்கா போடச் சொல்லு உம்புள்ளய" என்று அம்மாவுக்கு போன் செய்து சொல்லிவிட்டார் பெரியப்பா.

அன்றைக்குக் கோயிலில் கூட்டமே இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் படிக்க வேண்டிய எந்த இடத்துக்கும் பெரியப்பா வரமாட்டார். அவருக்கு எழுத்து தெரியாது. ஜல்லி, மணல் சப்ளை, நாலு கடை வாடகை, கோயில் கமிட்டித் தலைவர் பதவி, எல்லாம் இருக்கிறது. கையெழுத்து மட்டும் கிடையாது. பத்திர ஆபீசில் இன்றைக்கும் கட்டைவிரல்தான். ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த திருவிழாவில் அவன் வீட்டு வாசலுக்குச் சாமி வராது.

அப்பா இல்லாததால் பத்திரிகை பெரியப்பா பேரில்தான் போக வேண்டும். மணையில் அவரும் பெரியம்மாவும் நின்றுதான் அக்காவைத் தாரை வார்க்க வேண்டும். அம்மா நிற்கக் கூடாதாம். யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் தெற்கிலிருந்து வந்து கோவில்பதாகையில் ஃபிளாட் வாங்கியவர்கள். நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார். "பொண்ண யாரு தாரவாத்துக் குடுக்கா? தகப்பனார் வழிப் பெரியவங்க நின்னாத்தான் எங்க சொந்தத்துல மரியாதைம்மா." அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் அக்காவின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கும் எனக்கும் ஆகாது. நான் காலேஜில் சேர்ந்தபோது எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "படிச்சி இன்னா கிழிக்கப் போறான், லோடு வண்டில ஏத்தி உடு" என்றார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டிசைனராக வேலை கிடைத்த பிறகு, "பேனர் அடிக்கறதுக்கா நைனா காலேஜி? அத நம்ம மூலக் கட பையனே அடிக்கறானே" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் அவர் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

நான் செய்வது பேனர் இல்லை. லேபிள், டப்பா, விசிட்டிங் கார்டு, கடைப் பெயர்ப் பலகை. அதில் எனக்குப் பிடித்த ஒரு ஃபாண்ட் உண்டு. பேனாவால் எழுதியது போன்ற மெல்லிய தமிழ் எழுத்து. எழுதியவர் அவசரப்படவில்லை என்று பார்த்தாலே தெரியும். 'ழ'வின் அடி வளைவு, தண்ணீரில் விட்ட நூல் போல ஒரு சுழி சுழித்து நிற்கும். 'ர'வின் கால் கீழே இறங்கி, தரையைத் தொடாமல் மறையும். இரண்டு எழுத்துகள் பக்கத்தில் வந்தால் ஒன்றின் வால் மற்றதன் தோளில் லேசாகப் படும். சோப்பு உறையில் அதை வைத்தால் வாசனை வரும் போலிருக்கும். வீட்டில் கேக் செய்து விற்கும் அக்காமார்கள், புடவைக் கடை ஆரம்பிப்பவர்கள், வளைகாப்புக்கு அட்டை அடிக்கும் ஃபிளாட்காரர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான்.

அதை ஆள்வது சுலபம் இல்லை. சின்னதாக வைத்தால் உடைந்துவிடும். கறுப்பின் மேல் வெள்ளையாக வைத்தால் மை பரவி நடுக்கோட்டை விழுங்கிவிடும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் கொடுத்தால் வால் கிழிந்து பிளேடோடு வந்துவிடும். ஃபிளெக்ஸில் போட்டால் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறும் துணிதான் தெரியும். முக்கியமாக, அதற்குச் சுற்றிலும் காலியிடம் வேண்டும். பூ பார்டர், மயில், கலசம், எதையும் பக்கத்தில் விடக் கூடாது. பணக்கார வீட்டுப் பெண் மாதிரி அது. கூட்டத்தில் நிற்காது.

எனக்கு அது பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் யாருடைய கையெழுத்தும் இல்லை. அப்பா எழுதிய ஒரு சீட்டுகூடக் கிடையாது, எழுதத் தெரிந்தால்தானே. அம்மா தன் பெயரை மட்டும் போடுவாள், அதுவும் ரேஷன் கடையில் பழகியது. நண்பர்கள் வீட்டில் தாத்தா எழுதிய டைரி, அப்பா எழுதிய கடிதம் என்று காட்டுவார்கள். எங்களிடம் காட்ட எதுவும் இல்லை. அந்த ஃபாண்டில் எங்கள் வீட்டார் பெயர்களைத் தட்டிப் பார்த்தபோது, எல்லாரும் பத்து தலைமுறையாகப் படித்தவர்கள் மாதிரி எழுதியிருந்தார்கள்.

அதனால் அக்காவின் பத்திரிகையை அதில்தான் செய்தேன். கெட்டியான சந்தன நிற அட்டை. பார்டர் இல்லை. மங்கிய தங்க நிற மை. மேலே அக்கா பெயரும் மாப்பிள்ளை பெயரும். அதன் கீழே நாலு வரி. மற்றதெல்லாம் காலி. வலது கீழ் மூலையில், கடிதத்தின் முடிவில் கையெழுத்துப் போடுவது போல, பெரியப்பாவின் பெயர் தனியாக.

முன்னறையில் எல்லார் கைக்கும் மாதிரி அட்டை போய் வந்தது.

"இன்னாடா இது, நூலு அறுந்து கெடக்கறா மாதிரி கீது" என்றாள் அம்மா.

"மாப்ள, பொண்ணு பேரு எங்க கீது? கண்ணாடி போட்டும் தெர்ல, கழட்டினாலும் தெர்ல" என்றார் மாமா.

"அதான் மாமா இப்ப ஸ்டைலு. எங்க ஆபீஸ்ல எல்லாம் இந்த மாதிரிதான் அடிக்கறாங்க" என்றாள் அக்கா. அட்டையைத் தன் சுடிதார் மேல் வைத்துப் பார்த்தாள், நகை பார்ப்பது போல. அவளுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

"மூலைல இது யாரு?" என்றார் மாமா.

"பெரியப்பா. அவரே கையெழுத்துப் போட்டு அழைக்கற மாதிரி."

மாமா சத்தம் இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். "உங்க பெரியப்பன் கையெழுத்தா? இப்புடி ஒரு கையெழுத்து அந்தாளுக்கு இருந்தா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலயே போடுவானுங்க."

"சும்மா இரு, நீ ஒண்ணு" என்று அம்மா தம்பியை அடக்கினாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் உண்டு, ஆனால் அந்த மூலையில் நான் கோபத்தை வைக்கவில்லை. இவ்வளவு செய்தவனுக்கு இவ்வளவு அழகாகச் செய்து காட்டுகிறேன் பார் என்றுதான் வைத்தேன்.

பட்டரவாக்கத்தில் அச்சுக்கூடம் வைத்திருப்பவர் அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, தலமுடி கணக்கா கீது. மை மேலாக்கதான் ஒட்டும். தடியா ஒரு எழுத்து குடேன்." நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடித்து வந்தபோது அவரே ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

பத்திரிகைக்கு மஞ்சள் வைப்பதை எங்கள் பக்கத்தில் சுமங்கலிகள்தான் செய்வார்கள். மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் விரலால் ஒற்றி, காயவைத்து, முதல் அட்டையைச் சாமிக்கும் இரண்டாவதைப் பெரிய பங்காளிக்கும் கொடுக்க வேண்டும். பெரியம்மாவைக் கூப்பிட்டோம், மூட்டுவலி என்றாள். அம்மா தொடக் கூடாது. அதனால் அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து வைத்தார்கள். நான் அந்த நேரம் எஸ்டேட்டில் ஊறுகாய் லேபிள் செய்துகொண்டிருந்தேன்.

ஊர்ப் பத்திரிகைகளில் நாலு மூலையிலும் பூவோ கலசமோ இருக்கும். மஞ்சள் அதன் மேல் விழும். என் பத்திரிகையில் மூன்று மூலை காலி. நாலாவதில் பெரியப்பா. அத்தை மூலையைத்தான் பார்த்தாள், பெயரைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும், தடித்த கறுப்பு எழுத்தாக இருந்திருந்தால் மஞ்சளைத் தாண்டித் தெரிந்திருக்கும். நான் வைத்தது தங்க நிறத்தில் தலைமுடி. மஞ்சள் ஒற்றிய இடத்தில் அது இருந்த சுவடே இல்லை. காய்ந்த பிறகு அங்கே இருந்தது விரல் ரேகையோடு கூடிய ஒரு முட்டை வடிவ மஞ்சள் தடம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்.

எல்லா அட்டைகளிலும் அப்படித்தான். அன்று மத்தியானமே மாமாவும் அத்தையும் அம்மாவும் சாமிக்கு வைத்துவிட்டு, பெரியப்பா வீட்டில் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, மேனாம்பேடு முழுக்கப் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள். மறுநாள் ஆவடிப் பக்கம். அதற்கடுத்த நாள் வெளியூர்.

பெரியப்பா தன் பெயரைப் படிக்க மாட்டார், ஆனால் அடையாளம் கண்டுபிடிப்பார். ஃபிளெக்ஸில் அவர் போட்டோவுக்குக் கீழே மஞ்சளில் சிவப்பு விளிம்பு கட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த உருவத்தைத்தான் அவருக்குத் தெரியும். பத்திரிகையைத் திருப்பித் திருப்பித் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. மகனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவன் முழுக்கப் படித்துவிட்டு, "உம்பேரே இல்ல நைனா, மஞ்சதான் கீது" என்றிருக்கிறான்.

வெளியூர்ப் பத்திரிகையும் கொடுத்து முடித்த பிறகுதான் எனக்கு போன் வந்தது. "ஊட்டாண்ட வா" என்றார், அவ்வளவுதான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் சுற்றிலும். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா இது?"

"பத்திரிக பெரியப்பா."

"அது தெரிதுபா, படிச்சவரே. இதுல நான் எங்க கீறேன்?"

மஞ்சள் தடத்தைக் காட்டினேன். "இதுக்கு அடியில."

"அடியிலயா? பொதச்சிட்டியா?"

ஒருவன் களுக்கென்று சிரித்தான். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"மஞ்ச வெச்சதுல மறஞ்சி போச்சி பெரியப்பா. பேரு கீது. கையெழுத்து மாதிரி அழகா…"

"எனுக்குக் கையெழுத்து கீதுன்னு உனுக்கு எவன் சொன்னான்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை வருஷம் ஊர் சொல்லாமல் வைத்திருந்ததை அவரே வாசலில் எடுத்துப் போட்டார்.

"இது இன்னா தெரிமா? கைநாட்டு. எம்பேர எடுத்துட்டு, அந்த எடத்துல கைநாட்டு வெச்சி, ஊரு ஃபுல்லா குடுத்துகினு வந்துகிறீங்க. மஞ்ச வெச்சது யாரு? உங்க மாமன் பொண்டாட்டிதான? பேரு வெச்சது நீ. நல்லா ரெண்டு பேரும் கலந்துகினுதான் செஞ்சிகிறீங்க."

"அப்புடிலாம் ஒண்ணும் இல்ல. தோ பாருங்க" என்று அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி, மஞ்சளை நகத்தால் சுரண்டினேன். அச்சுக்கூடக்காரர் சொன்னது சரிதான், மை மேலாக்கத்தான் ஒட்டியிருந்தது. ஈர மஞ்சள் பட்டு ஊறியதில் இன்னும் விட்டுப்போயிருந்தது. மஞ்சளோடு எழுத்தும் உரிந்து என் நகக்கண்ணில் வந்துவிட்டது. சுரண்டிய இடத்தில் வெறும் அட்டை.

பெரியப்பா சிரித்தார். "பாத்துக்கோங்கப்பா. அடியில கீறேனாம்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "போ" என்றார். "நான் வர்ல. எம்பங்காளிங்க எவனும் வர மாட்டான். மஞ்ச வெச்சவளும் அவ புருசனும் வந்து தார வாக்கட்டும், மாப்ள ஊட்டுக்காரன் பாத்து சந்தோசப்படட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். "மஞ்ச வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். மூலையில கொண்டு போய் பேர வெக்கச் சொன்னது நானா?" என்றாள் அத்தை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டாள், மாமா வாசலில் மறித்துக் கூட்டி வந்தார். "இதுக்குத்தான் அந்தாளு காத்துகினு கெடந்தான். உங்கப்பன் செத்ததுல இருந்து நம்பள ஒரு ஆளா மதிச்சானா?" என்று மாமா கத்தினார். கத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "நீயும் கம்முனு ஒரு தாமரப் பூவப் போட்டுத் தொலைக்கக் கூடாதா மாப்ள?" என்றார்.

"அது அந்த எழுத்துக்கு ஒத்து வராது மாமா."

"எழுத்துக்கா?" மாமா என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. "எழுத்துக்குத்தான் கல்யாணமா?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எனக்கு அந்தப் பத்திரிகதான் புடிச்சிருந்திச்சி" என்றாள். "ஆனா எனக்குக் கல்யாணம் ஆவணும். அவங்க அம்மா போன் பண்ணாங்க. பெரியப்பா சைடுல ஏதோ மனஸ்தாபமாமே, தேதியத் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேக்கறாங்க. தள்ளி வெச்சா அப்புறம் நடக்காதுடா. எனக்குத் தெரியும்." பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்கும்போதுகூட தட்டை மட்டும்தான் பார்த்தாள்.

மறுநாள் அம்மா தனியாகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"புதுசா அடிக்கணுமாம். அவரு போட்டோ போட்டு, பேரு நடுவுல பெருசா. பழசு அத்தினியும் ஊடு ஊடா போய்த் திருப்பி வாங்கியாரணுமாம்."

"மஞ்ச வெச்சத திருப்பி வாங்குவாங்களா?" என்றாள் அக்கா.

"கல்யாணம் நின்னாத்தான் பத்திரிக திரும்பி வரும். அதச் சொன்னேன். புள்ளைக்கி ஆவாது, அந்தப் பாவம் உங்க தலைலதான் உழும்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் எறங்கி வந்தாரு. பழசு அங்கங்க இருந்துட்டுப் போவட்டுமாம். புதுச மேல குடுக்கணுமாம். அப்புறம் பேனரு. மண்டபத்து வாசல்ல ஒண்ணு, தெருமொனைல ரெண்டு, கோயிலாண்ட ஒண்ணு, ஆவடி ஸ்டேசனாண்ட ஒண்ணு."

"பேனர் மூலக் கட பையன் அடிப்பான்" என்றேன்.

"இல்ல. நீதான் அடிக்கணுமாம்." அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கையால."

அந்த இரண்டாவது பத்திரிகையை நான் வெறுப்பில் செய்தேன். என்னிடம் இருந்ததிலேயே தடியான எழுத்தை எடுத்தேன். உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும் அது. அதற்கு மூன்று விளிம்பு கட்டினேன், சிவப்பு, வெள்ளை, கறுப்பு. கீழே நிழல் போட்டேன். எழுத்துக்குள் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு நிறம் ஓடவிட்டேன். ரோஜா, மயில், தங்கக் கலசம், நாலு மூலையிலும் தாமரை, பார்டருக்குள் பார்டர். அக்கா பெயரும் மாப்பிள்ளை பெயரும் எங்கோ ஒடுங்கி நிற்க, நடுவில் பெரியப்பா வணக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறார், தலையைச் சுற்றி ஒளிவட்டம். காலேஜில் எனக்கு எதைச் செய்யாதே என்று சொல்லிக் கொடுத்தார்களோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். பார்த்தால் கண் கூச வேண்டும், அவருக்கே கேவலமாக இருக்க வேண்டும் என்று செய்தேன்.

கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். தன் பெயரின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். படிப்பவர் மாதிரிதான் இருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"இத்தான்டா பத்திரிக" என்றார். "இப்பத்தான் நீ படிச்சதுக்கு ஒரு அர்த்தம் கீது."

மனதாரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வைது செய்ததை வரமாக வாங்கிக்கொள்கிறவனை என்ன செய்வது. அச்சுக்கூடக்காரரும் அதையே சொன்னார். "தோ, நம்ம ஏரியா எழுத்து." அதை அவர் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

பிறகு வீடு வீடாக இரண்டாவது முறை போனோம். இந்த முறை அத்தை வரவில்லை, மஞ்சளைப் பெரியம்மாவே வைத்தாள், தாமரையின் மேல் அளந்து அளந்து. கதவைத் திறந்ததும் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இன்னாபா, தேதி மாறிச்சா?"

"இல்லக்கா, அச்சுல தப்பு" என்பாள் அம்மா.

"மாப்ள மாறலியே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். உடனே ஒரு சிரிப்பு. கோவில்பதாகைப் பக்கம் ஒரு பங்காளி வீட்டில், எனக்கு அண்ணன் முறை ஆகிறவன் வெளிப்படையாகவே சொன்னான். "டேய், அந்தக் கைநாட்டுப் பத்திரிகைய நான் பீரோல வெச்சிகிறேன்டா. வாட்ஸப் குரூப்ல எவனோ போட்டோ போட்டான் பாரு, ஊரே பாத்துச்சி. உங்க பெரியப்பன் மூஞ்சில கரியப் பூசிட்ட. ஆளு நீ கெத்துடா."

நான் அப்படிச் செய்யவில்லை என்று சொன்னேன். அவன் கண்ணடித்தான். பெரியப்பாவுக்கு வேண்டாதவர்கள் என்னைத் தட்டிக் கொடுத்தார்கள், வேண்டியவர்கள் என்னைக் கண்டால் எச்சில் துப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒரே கதையைத்தான் நம்பின. படித்தவன் திட்டம் போட்டுச் செய்தான் என்கிற கதை. எழுத்தின் கனம், மையின் நிறம், காலியிடம் என்று நான் ஆரம்பித்தால் கேட்க ஆள் இல்லை. அம்மாவே ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நெசமாவே தெரிஞ்சி வெக்கலியா நீ?" நான் பாதியில் எழுந்து கை கழுவினேன்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் என் கையால் செய்த பேனர் நின்றது. பெரியப்பாவின் பெயரை எதிர்ச்சாரி பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். அவர் பட்டு வேட்டி கட்டி, பெரியம்மாவோடு மணையில் நின்று, செம்பிலிருந்து தண்ணீரை வார்த்தார். சரியாகச் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்து நின்றார். அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தாலி ஏறியதும் அக்கா கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னையா என்று தெரியவில்லை. நான் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய்விட்டேன். அங்கே பெரியப்பா என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "பேனர்ல ஒளிவட்டம் இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம் நைனா" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அவரோடு பேசவில்லை. அவர் பேசுகிறார், அது வேறு விஷயம்.

அந்த மெல்லிய எழுத்தை இப்போதும் பயன்படுத்துகிறேன். அது எந்தத் தப்பும் செய்யவில்லை. போன வாரம்கூட ஒரு ஃபிளாட் வீட்டு வளைகாப்புக்கு அதில்தான் அட்டை செய்தேன். மூலையை மட்டும் காலியாக விட்டேன். அக்கா பிறகு என்னோடு பேசினாள், ஆனால் பத்திரிகையைப் பற்றி அல்ல. மாமாவும் அத்தையும் பொங்கலுக்கு வரவில்லை.

மறுவீட்டுச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் அம்மா என்னை உட்காரவைத்து, கல்யாணச் செலவில் சேராததைத் தனியாகக் கூட்டச் சொன்னாள். இரண்டாவது முறை அச்சடித்தது, ஐந்து பேனர், அதற்குச் சாரம் கட்டியது, வெளியூருக்கு மறுபடி கார் எடுத்தது, பெரியப்பா வீட்டுக்குத் தட்டு வைத்து வேட்டி புடவை எடுத்துக்கொண்டு போனது. அவள் சொல்லச் சொல்ல நான் போனில் கூட்டினேன். நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.